அசல் இல்லாத பேரலை

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மூன்று இருக்கின்றன. சிகாகோ கலைக்கூடத்திலும் மூன்று. நியூயார்க்கில், பாரீஸில், டோக்கியோவில், தனியார் சேகரிப்புகளில் என்று ஆய்வாளர்கள் தேடித் தேடி எண்ணியதில் இதுவரை நூற்றுப் பத்துக்குச் சற்று மேல் கணக்கு வந்திருக்கிறது. எல்லாமே ஒரே படம். நுரை தள்ளி எழும்பி வளைந்து நிற்கும் நீல அலை, அதன் கீழே மூன்று படகுகள், தூரத்தில் சின்னதாக ஒரு பனிமலை. ஜப்பானிய ஓவியர் கத்சுஷிகா ஹொகுசாய் 1831 வாக்கில் உருவாக்கிய ‘கனகாவா பேரலை’. இவற்றில் எது அசல் என்று கேட்டால், எல்லாமே அசல்தான். சரி, இவற்றுக்கெல்லாம் மூலமாக ஹொகுசாய் தன் கையால் வரைந்த தாள் எங்கே? அது இல்லை. தொலைந்துபோகவில்லை. இந்தப் படம் உருவாவதற்காகவே அது அழிக்கப்பட்டது.

காபிக் கோப்பை, டி-ஷர்ட், ஃபோன் கவர், ஓட்டல் சுவர் என்று இந்த அலை போகாத இடமில்லை. ஃபோனில் வரும் அலை இமோஜிகூட இதை ஒட்டித்தான் இருக்கிறது. 2020-ல் ஜப்பான் தன் பாஸ்போர்ட்டின் உள்பக்கங்களில் இதைச் சேர்த்தது. 2024 ஜூலையில் வெளிவந்த புதிய 1000 யென் நோட்டின் பின்பக்கத்திலும் இதுதான். இவ்வளவு புகழ் வந்த படத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு மேதை தூரிகையை எடுத்தார், வரைந்தார், உலகம் வியந்தது என்ற அளவில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கதையில் எனக்கு நிறைவில்லை. பதிப்பாளர், ஓவியர், கட்டை செதுக்குபவர், அச்சடிப்பவர் என்று நான்கு பேர் சேர்ந்து, லாபக் கணக்கும் போட்டு, கடையில் விற்பதற்காகச் செய்த சரக்கு இது. குறைத்துச் சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அது எப்படிச் செய்யப்பட்டது என்று படித்த பிறகுதான் அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை பல மடங்கு கூடியது.

முதலில் படத்தையே கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம். பலர் இதைச் சுவரளவு பெரிய ஓவியம் என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையில் உயரம் சுமார் 25 சென்டிமீட்டர், அகலம் சுமார் 37. கையில் பிடித்துப் பார்க்கிற அளவுதான். அலையைப் பார்த்த கண் படகுகளுக்கு வர நேரமாகும். மூன்றும் நீண்டு ஒடுங்கிய வேகப் படகுகள். சுற்றுவட்டாரக் கடலில் பிடித்த மீனை, வாடுவதற்குள் எடோ நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் படகுகள் இவை. எடோ என்பது இன்றைய டோக்கியோ. ஒவ்வொரு படகிலும் துடுப்புக்காரர்கள் வரிசையாகக் குனிந்து, துடுப்பின் மேலேயே கவிழ்ந்து கிடக்கிறார்கள். யாரும் துடுப்பு வலிக்கிற நிலையில் இல்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்தால் போதும் என்கிற நிலை. முகங்கள் மொச்சை அளவுகூட இல்லை. ஆனால் அந்த முதுகுகளின் வளைவிலேயே பயம் தெரிகிறது.

படகுகளின் முகப்பு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. நாம் கடலில் இருந்து மேற்கே ஃபூஜி மலையைப் பார்க்கிறோம் என்றால், இடப்பக்கம் தெற்கு. அப்படியானால் படகுகள் எடோவை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. சரக்கை இறக்கிவிட்டு, அடுத்த மீனை ஏற்றிக்கொள்ளப் போகிறவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தக் கால ஜப்பானியர் எழுத்தையும் படத்தையும் வலமிருந்து இடமாகப் படித்துப் பழகியவர்கள். அப்படிப் பார்த்தால் முதலில் படகுகள் வருகின்றன. அவற்றோடு கூடவே நகரும் கண்ணுக்கு நேர் எதிரே அலை வந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கிற நமக்கு அலை நம்மோடு சேர்ந்து பாய்வது போலத் தோன்றும். அவர்களுக்கு அது தங்கள் மேலேயே விழுந்தது. படத்தைக் கண்ணாடியில் காட்டி, வலமிடம் மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் சட்டென்று புரியும்.

மலையைக் கவனியுங்கள். 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி இங்கே அலையின் வயிற்றுக்குள் அடங்குகிற ஒரு முக்கோணம். முன்னால் எழும் சிறிய அலை ஒன்றின் முனையில் நுரை வெண்மையாகப் படிந்து, அதுவும் அதே ஃபூஜி வடிவத்தில் நிற்கிறது. பெரிய அலையிலிருந்து சிதறும் துளிகள் நேராக மலைக்கு மேலே வருகின்றன. மலையில் பனி பெய்கிறதா, நுரை தெறிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மலைக்குப் பின்னால் வானம் கருத்திருக்கிறது, மலையின் பனி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நமக்குப் பின்னால் கிழக்கில் விடிந்துகொண்டிருக்கிறது என்று கொண்டால் இது பொருந்தி வரும்.

இது சுனாமி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆழக்கடலில் சுனாமி இப்படிச் சுருண்டு எழும்பாது. 2004 டிசம்பர் 26 காலை நம் கரைகளில் இருந்தவர்களுக்கு அது எப்படி வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அலையைப் பற்றி 2009-ல் கார்ட்ரைட், நகாமுரா என்ற இரு ஆய்வாளர்கள் விரிவான கட்டுரையே எழுதினார்கள். புயல் கடலில் பல அலைகள் ஒன்றுகூடித் திடீரென்று உயர்ந்து, நுனி முன்னால் கவிழ்ந்து உடைகிற தனி அலை இது என்பது அவர்கள் முடிவு. படகின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டால் அலையின் உயரம் பத்து மீட்டரை ஒட்டி வருகிறது.

கட்டையும் காகிதமும்

இனி வேலைக்கு வருவோம். ஹொகுசாய் மெல்லிய தாள் ஒன்றில் கோட்டோவியமாக இதை வரைந்து பதிப்பாளரிடம் கொடுத்தார். பதிப்பாளர் அதைச் செதுக்குபவரிடம் அனுப்பினார். செதுக்குபவர் என்ன செய்வார் என்றால், அந்தத் தாளை முகம் கீழாகத் திருப்பிக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் பசை போட்டு ஒட்டிவிடுவார். தாள் மெல்லியது என்பதால் கோடுகள் பின்பக்கம் வழியாகத் தெரியும். கோட்டின் இரு பக்கமும் கத்தியால் அறுத்து, மிச்ச மரத்தைச் சீவி எடுப்பார். கோடு மட்டும் மேடாக நிற்கும். தாள் கத்தியோடு சேர்ந்து துண்டு துண்டாகப் போய்விடும். மூலப்படம் அழிந்தது இப்படித்தான்.

அலையின் நுனியில் உள்ள நுரைக்கொத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொக்கி மாதிரி வளைந்த கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரிந்து போகின்றன. சில இடங்களில் கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். தூரிகையில் அந்த வளைவைப் போடுவது ஒரு வீச்சு. அதையே மரத்தில் கொண்டுவருவதற்கு ஒவ்வொரு வளைவின் இரண்டு கரையையும் தனித்தனியாக அறுக்க வேண்டும். ஒரு இடத்தில் கத்தி வழுக்கினால் கோடு போய்விடும். இதைச் செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அந்தப் படத்தில் ஓவியர் கையெழுத்து பெறுகிற மரியாதை செதுக்குபவருக்குக் கொடுக்கப்படவில்லை. உலகத்திலேயே அதிகமாகப் பிரதியெடுக்கப்பட்ட கோடுகளை மரத்தில் அறுத்த கை யாருடையது என்று தெரியாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஹொகுசாய்க்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே தெரியும். 1760-ல் எடோவில் பிறந்த அவர், ஓவியப் பட்டறையில் சேர்வதற்கு முன்பு பதின்ம வயதில் கட்டை செதுக்கும் தொழிலைத்தான் கற்றுக்கொண்டார். அதனால் எந்தக் கோடு கட்டையில் நிற்கும், எது நிற்காது என்று கணக்குப் போட்டு வரையத் தெரிந்தவர். செதுக்குபவர்களோடு மல்லுக்கட்டவும் செய்தார். பிற்காலத்தில் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், தான் வரைந்த கண்ணையும் மூக்கையும் வேறு ஓவியர்களின் பாணிக்கு மாற்றிச் செதுக்க வேண்டாம் என்று, எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படமாகவே போட்டுக் காட்டிக் கேட்டுக்கொள்கிறார். தொழில் தெரிந்தவர் கோபம் அது.

கோட்டுக் கட்டை முடிந்ததும், அதிலிருந்து சில பிரதிகள் எடுத்து ஓவியரிடம் வரும். எங்கே என்ன நிறம் என்று அவர் குறித்துக் கொடுப்பார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பரப்பு செதுக்க வேண்டும். மரம் விலை என்பதால் ஒரே பலகையின் இரண்டு பக்கமும் பயன்படும். அப்புறம் அச்சடிப்பவரின் வேலை. பட்டை நாரில் செய்த காகிதத்தை ஈரமாக்கி வைத்துக்கொள்வார். சாயத்தோடு அரிசிப் பசை சேர்த்துத் தூரிகையால் கட்டையில் தடவி, காகிதத்தை வைத்து, மூங்கில் உறை சுற்றிய வட்டத் தட்டால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார். இயந்திரம் எதுவும் கிடையாது. முழுக்கக் கை அழுத்தம். அடுத்த நிறத்துக்கு அதே காகிதத்தை அடுத்த கட்டையில் வைக்க வேண்டும். முடியளவு நகர்ந்தாலும் நிறம் கோட்டுக்கு வெளியே வந்துவிடும். இதற்காக ஒவ்வொரு கட்டையிலும் ஒரு மூலையில் மடக்குக் கோடும் பக்கத்தில் ஒரு நேர்கோடும் வெட்டி வைத்திருப்பார்கள். காகிதத்தை அந்தக் குறிகளில் முட்டவைத்தால் இடம் சரியாக வரும்.

ஃபூஜிக்குப் பின்னால் வானம் கருமையிலிருந்து மெல்ல மெல்ல வெளுக்கிறதல்லவா, அது கட்டையில் செதுக்கியதில்லை. கட்டையை ஈரத் துணியால் துடைத்து, ஒரு ஓரத்தில் மட்டும் சாயம் தடவி, தூரிகையாலேயே கலைத்துவிட்டு அச்சடிப்பவர் கொண்டுவருகிற நயம். ஒவ்வொரு தாளுக்கும் அதைப் புதிதாகச் செய்தாக வேண்டும். அதனால்தான் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் வானம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒருவர் கையில் பிறந்தது. ‘எல்லாமே அசல்’ என்று மேலே எழுதியது பேச்சு அலங்காரத்துக்காக இல்லை.

பெர்லினிலிருந்து வந்த நீலம்

இந்தப் படத்தை விற்றது நீலம். அதற்கு முன் ஜப்பானிய அச்சுப் படங்களில் நல்ல நீலம் இருந்ததில்லை. ஒரு வகைப் பூவிலிருந்து எடுத்த நீலம் ஈரம் பட்டாலும் வெயில் பட்டாலும் வெளுத்துவிடும். செடியிலிருந்து எடுத்த நீலம் துணிக்கு அருமையானது; காகிதத்தில் மங்கலாகத்தான் விழும். (அந்தச் செடி நம்மூர் அவுரி இல்லை, வேறு இனம், சாயப் பொருள் மட்டும் ஒன்றே.) இரண்டிலுமே ஆழமான கடலைக் காட்ட முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயத் தயாரிப்பாளர் சிவப்புச் சாயம் செய்யப் போய், கலப்படமான பொட்டாஷைச் சேர்த்ததால் எதிர்பாராமல் அடர் நீலம் கிடைத்தது. இரும்பும் சயனைடும் சேர்ந்த அந்தப் பொருளைத்தான் பிரஷ்ய நீலம் என்கிறோம். ஐரோப்பா முழுக்கப் பரவியது. அந்தக் காலத்தில் ஜப்பான் வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது; நாகசாகி துறைமுகத்தில் டச்சுக்காரர்களும் சீனர்களும் மட்டும் கட்டுப்பாடுகளோடு வியாபாரம் செய்யலாம். பிரஷ்ய நீலம் அந்த வழியாகப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வந்தாலும், விலை அதிகம். 1820-களின் கடைசியில்தான் சீன வியாபாரிகள் வழியாக மலிவாகவும் நிறையவும் வந்து இறங்கியது. 1829-ல் கெய்சாய் எய்சென் என்ற ஓவியர் விசிறிப் படங்களை நீலத்திலேயே அச்சிட்டு விற்றார். சனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

நிஷிமுராயா யோஹாச்சி என்ற பதிப்பாளர் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஃபூஜி மலை, நீல நிறம், ஹொகுசாய்: மூன்றையும் சேர்த்து ‘ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ என்ற வரிசையை அறிவித்தார். 1831 தொடக்கத்தில் வந்த ஒரு கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கு விளம்பரமும் உண்டு. படங்கள் நீலத்தில் அச்சிடப்படுகின்றன என்பதைத்தான் அந்த விளம்பரம் பெருமையாகச் சொல்கிறது. வழக்கமான கறுப்புக்குப் பதிலாக வெளிக்கோடுகளையே நீலத்தில் அடித்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் செய்த ஆய்வில் இந்தக் கோடுகளில் பிரஷ்ய நீலத்தோடு பழைய செடி நீலமும் கலந்திருப்பது தெரிந்தது. அடர்த்திக்காகப் புதியதோடு பழையதைச் சேர்த்து, நீலத்தின் மேல் நீலம் அடித்து அந்த ஆழத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்தப் பக்குவமும் அச்சடிப்பவர் கைவேலைதான்.

வரிசை நன்றாக ஓடியதால் முப்பத்தாறோடு நிறுத்தாமல் இன்னும் பத்துப் படங்கள் போட்டார்கள். அவற்றுக்குக் கறுப்புக் கோடு. ஆக மொத்தம் 46 படங்கள், பெயர் மட்டும் முப்பத்தாறாகவே நிலைத்துவிட்டது.

ஃபூஜியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் வியாபாரத்தோடு சேர்ந்ததுதான். எடோ மக்களுக்கு ஃபூஜி தெய்வ மலை. அதை ஏறி வணங்குவதற்கென்றே நகரத்தில் குழுக்கள் இருந்தன. மலைவரை போக முடியாதவர்களுக்காக ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஃபூஜி மேடுகள் கட்டி வைத்திருந்தார்கள். பக்தியோடு அழகும் சேர்ந்து மலிவு விலையில் கிடைத்தால் வாங்காமல் இருப்பார்களா? ஒரு படத்தின் விலை இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலை என்று சொல்வதுண்டு. நம்மூரில் சிவகாசி காலண்டர் படம் எந்த இடத்தில் இருந்ததோ, கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் எடோவில் இந்தப் படம் இருந்தது. தூணில் ஒட்டினார்கள், கதவில் ஒட்டினார்கள், கிழிந்ததும் எறிந்தார்கள்.

எழுபது வயதுக்காரர்

இதைச் செய்தபோது ஹொகுசாய்க்கு எழுபது வயது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் அவருக்கு மோசமானவை. உடம்பு முடியாமல் போனது, 1828-ல் மனைவி இறந்தார், பேரன் சூதாடிக் கடன் வைத்தான். மணவாழ்க்கை முறிந்து திரும்பி வந்த மகள் ஓய் அவரோடு இருந்தார். அவரும் தேர்ந்த ஓவியர். வயதான காலத்தில் வேலை தேடிய மனிதருக்குப் பதிப்பாளர் கொடுத்த வேலை இது.

ஆனால் அலை அப்போது திடீரென்று வந்ததில்லை. 1797-லேயே எனோஷிமா கடற்கரைப் படத்தில் ஒரு அலை வரைந்திருக்கிறார். கரையில் மெல்ல வந்து மடிகிற அலை. அதன்பின் 1803-ஐ ஒட்டியும் 1805-ஐ ஒட்டியும் இரண்டு படங்கள். அவற்றில் அலை உயர்ந்து கவிழ்கிறது, கீழே படகுகள்கூட இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பாருங்கள், அவசியம் பாருங்கள். எல்லா அம்சமும் இருக்கிறது, ஆனால் அலை ஈரமாகவே இல்லை. பாறையைக் குடைந்து வைத்த மாதிரி கனத்து நிற்கிறது. ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுகளைப் பார்த்து அந்தப் பாணியைப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. சுற்றிலும் மரச்சட்டம் போட்டது போன்ற ஓரம் வரைந்து, தன் பெயரைக்கூட ஐரோப்பிய எழுத்துப் போலப் படுக்கைவாட்டில் எழுதிவைத்திருக்கிறார். தூரத்துப் பொருளைச் சின்னதாகக் காட்டி ஆழம் உண்டாக்கும் முறையை அவர் அப்படித்தான் பழகினார். ஃபூஜி அலைக்குள் அடங்கும் அளவு சுருங்கியதற்குக் காரணம் அந்தப் பயிற்சி. பிறகு ஐரோப்பியர்கள் ‘அசல் ஜப்பான்’ என்று கொண்டாடிய படத்தில் நிறம் பெர்லினுடையது, தூரக் கணக்கு டச்சுப் படங்களிலிருந்து வந்தது. இதில் ஹொகுசாய்க்கு எந்தக் குறைவும் இல்லை. வந்ததையெல்லாம் வாங்கித் தனதாக்கிக்கொள்ளும் தைரியம் எழுபது வயதிலும் அவரிடம் இருந்தது.

படத்தின் இடது மேல்மூலையில் கட்டத்துக்குள் தலைப்பு. அதன் பக்கத்தில் கையெழுத்து: ‘ஹொகுசாய் என்ற பெயரை மாற்றிக்கொண்ட இட்சு வரைந்தது.’ வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை மாற்றிக்கொண்டவர் அவர். பழைய பெயரையும் விடாமல் எழுதியது வியாபாரத்துக்காக. வாங்குபவர்களுக்கு ஹொகுசாயைத்தான் தெரியும். 1834-ல் வந்த புத்தகம் ஒன்றின் பின்னுரையில், எழுபது வயதுக்கு முன் தான் வரைந்தவை எதுவும் கணக்கில் எடுக்கத் தகுந்தவை இல்லை என்றும், நூற்றுப் பத்து வயதில் தான் வைக்கிற ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிரோடு இருக்கும் என்றும் எழுதினார். 1849-ல், 88 வயதில் இறந்தார்.

தேய்ந்த கட்டைகள்

எத்தனை பிரதிகள் அடித்தார்கள்? பதிப்பாளர் கணக்கேடு எதுவும் கிடைக்கவில்லை. முதலில் இருநூறு அடித்து, விற்பனையைப் பார்த்து மேலும் மேலும் அடிப்பது வழக்கம் என்பார்கள். இந்தப் படம் எட்டாயிரம் வரை போயிருக்கலாம் என்பது மதிப்பீடு. மிஞ்சியிருப்பது அந்த நூற்றுச் சொச்சம்.

இதை எண்ணியது பிரிட்டிஷ் மியூசியத்தில் விஞ்ஞானியாக வேலை பார்த்த கபுசீன் கோரன்பெர்க். உலகெங்கும் உள்ள பிரதிகளின் படங்களைத் திரட்டி, கட்டை எப்படித் தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மரக்கட்டை ஈரத்தில் ஊறி, ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் வாங்கும்போது மெல்லிய கோடுகள் தேயும், உடையும். ஒரு முறை உடைந்த கோடு திரும்ப முளைக்காது. தலைப்பைச் சுற்றியுள்ள கட்டத்தின் கோடு முழுசாக இருக்கும் பிரதி முந்தியது. அதில் இடைவெளி விழுந்த பிரதி பிந்தியது. இப்படிச் சின்னச் சின்ன முறிவுகளை வரிசைப்படுத்தினால், எந்தத் தாள் எதற்கு முன்பு அச்சானது என்று சொல்லிவிடலாம்.

முந்திய பிரதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. வானத்தில் மேகம். இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த மாதிரி லேசான மேகத் திரள் அலைக்கு மேலே எழும்புகிறது. வெளிச்சம் பட்டுப் பட்டுப் பெரும்பாலான பிரதிகளில் அது மறைந்துவிட்டது. கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் நாம் பார்க்கிற வெற்று வானம் ஹொகுசாய் திட்டமிட்ட வானமில்லை. நிறம் மேலும் போகாமல் இருக்கத்தான் மியூசியங்கள் இதைச் சில மாதங்கள் மட்டும் மங்கலான வெளிச்சத்தில் காட்டிவிட்டுப் பல ஆண்டுகள் இருட்டறையில் வைத்துவிடுகின்றன. தூரதேசம் போய் மியூசியத்தில் இதைக் காணாமல் திரும்பியவர்கள் வருத்தப்பட வேண்டாம். அடுத்த தலைமுறைக்கும் அது வேண்டும்.

ஜப்பான் கதவைத் திறந்தது 1850-களில். அதன்பின் இந்தத் தாள்கள் கட்டுக்கட்டாக ஐரோப்பா போயின. பாரீஸில் 1867-லும் 1878-லும் நடந்த பெரும் கண்காட்சிகளுக்குப் பிறகு ஜப்பானியப் படம் சேர்ப்பது அங்கே ஒரு மோகமாகவே ஆனது. 1888 செப்டம்பரில் ஓவியர் வான் கோ தன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், இந்த அலைகள் நகங்கள், படகு அவற்றில் சிக்கியிருக்கிறது, அது நமக்கே உறைக்கிறது என்கிறார். அவர் கண் படகுக்குப் போனது எனக்கு மிகவும் பிடிக்கும். 1905-ல் இசையமைப்பாளர் டெபுஸியின் ‘கடல்’ இசைக்குறிப்பு அச்சானபோது அட்டையில் இந்த அலையைத்தான் போட்டார்கள். படகுகளையும் மலையையும் எடுத்துவிட்டு வெறும் அலை. அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலான பொருள்களில் வருவது அந்த ஆளில்லாத அலைதான். சிற்பி கமீல் க்ளோதெல் மட்டும் மாற்றிச் செய்தார். அவருடைய ‘அலை’ சிற்பத்தில் பச்சை ஓனிக்ஸ் கல் அலை கவிழ வருகிறது. அதன் அடியில் கைகோத்து நிற்கும் மூன்று பெண்கள், வெண்கலத்தில். மனிதர்களை எடுத்துவிட்டால் அந்த அலைக்கு அர்த்தமில்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது.

2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஒரு நல்ல பிரதி 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு விற்ற தாள். அவ்வளவு செலவு நமக்குத் தேவையில்லை. மெட்ரோபாலிட்டன் மியூசியமும் சிகாகோ கலைக்கூடமும் தங்களிடம் உள்ள பிரதிகளின் படங்களைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. இரண்டைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புக் கட்டத்தின் கோடு, ஃபூஜிக்குப் பின்னால் உள்ள கருமை, மேகம் இருந்த இடம், இந்த மூன்றையும் ஒப்பிட்டாலே எந்தத் தாள் முந்தியது என்று உங்களுக்கே ஒரு யூகம் வந்துவிடும்.

அப்படியே ‘ஃபூஜி மலையின் நூறு காட்சிகள்’ புத்தகத்தையும் தேடிப் பாருங்கள். அந்தப் பின்னுரை வந்தது இதில்தான். 1835-ல் வந்த இதன் இரண்டாம் பாகத்தில் ஹொகுசாய் அதே அலையை மறுபடியும் வரைந்திருக்கிறார். இந்த முறை நீலம் கிடையாது. கறுப்பும் சாம்பல் நிறமும் மட்டும். அலையின் நுனியில் உடைகிற நுரை அப்படியே கடல்பறவைக் கூட்டமாக மாறி ஃபூஜியை நோக்கிப் பறக்கிறது. நிறம் துணைக்கு இல்லாததால் எல்லா வேலையையும் கோடே செய்தாக வேண்டும். அந்தக் கோடுகளை வெட்டியவரின் பெயர் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது: எகாவா தோமெகிச்சி. அடுத்த புத்தகத்துக்கும் அவரே செதுக்க வேண்டும் என்று ஹொகுசாய் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார்.